கோள்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?
(சேலத்தில் ஒரு நூலக அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோள்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பலர் மனம் வானத்துக்குப் போயிருக்கும். சனியின் வளையம், வியாழனின் சிவப்புப் புள்ளி, நிலவின் பள்ளம் என்று கண்ணுக்குத் தெரிகிற காட்சிகள் நினைவுக்கு வந்திருக்கும். அவை அத்தனையும் மேல்தோல். இன்று நாம் தோலைத் தாண்டி உள்ளே போகப் போகிறோம். உள்ளே என்ன இருக்கிறது? கல்லா, இரும்பா, தண்ணீரா? அந்தக் கல் நாம் அறிந்த கல்தானா? அந்தத் தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீர்தானா? இந்தக் கேள்விதான் இன்றைய மாலை முழுவதும் நம்மோடு வரப் போகிறது.

முதலில், நாம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறோம் என்று பார்ப்போம். கோலார் தங்கவயல் இங்கிருந்து தொலைவில் இல்லை. வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து பிழைப்புக்காகப் போன நம் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடிந்தது. பூமியின் உள்சூட்டை உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். எந்தப் பாடப்புத்தகத்துக்கும் முன்னால் அவர்களை நான் வணங்குகிறேன்.

ரஷ்யாவின் வடகோடியில், கோலா தீபகற்பத்தில், 1970இல் ஒரு துளை போடத் தொடங்கினார்கள். சுரங்கம் இல்லை, ஒரு தட்டு அகலம்கூட இல்லாத வெறும் துளை. கிட்டத்தட்ட இருபது ஆண்டு உழைப்பு. 1989இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அந்த ஆழத்தில் 180 டிகிரி வெப்பம். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பாறை இளகித் துளையை மூட வந்தது. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டு கிலோமீட்டர்! ஆனால் பூமியின் மையத்துக்கு எவ்வளவு தூரம்? 6,371 கிலோமீட்டர். ஒரு மல்கோவா மாம்பழத்தைப் பூமியாக நினைத்துக்கொள்ளுங்கள். மனிதன் இதுவரை அதன் தோலைக்கூட முழுசாகத் துளைக்கவில்லை. சதை எங்கே, கொட்டை எங்கே?

பிறகு எப்படி, உள்ளே இரும்பு இருக்கிறது, அது உருகியிருக்கிறது, அதற்குள் கெட்டியான ஒரு கோளம் இருக்கிறது என்றெல்லாம் துணிந்து சொல்கிறார்கள்? நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் செய்வதைத்தான் அறிவியலாளர்களும் செய்தார்கள். சந்தையில் தேங்காயைக் கையில் தூக்கி எடை பார்க்கிறோம். பானையை விரலால் சுண்டிக் காது கொடுக்கிறோம். வீட்டில் பிள்ளைகள் முட்டையைச் சுழற்றிப் பார்க்கிறார்கள்: வெந்த முட்டை சீராகச் சுழலும், பச்சை முட்டை தள்ளாடும். தூக்கிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, சுழற்றிப் பார்ப்பது. உடைக்காமல் உள்ளே அறியும் வழிகள் இவை.

தூக்கிப் பார்த்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1798இல், லண்டனில், தன் வீட்டு வளாகத்தில் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு அவற்றின் ஈர்ப்பை அளந்து, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு என்று கண்டார். ஆனால் நம் காலடியில் கிடக்கும் கற்களின் அடர்த்தியோ மூன்று மடங்குக்கும் குறைவு. அப்படியானால் உள்ளே ஏதோ மிகக் கனமான பொருள் இருந்தாக வேண்டும். ஒரு தராசுக் கணக்கு, பூமிக்குள் உலோகம் இருக்கிறது என்ற திசையைக் காட்டிவிட்டது.

சுழற்றிப் பார்த்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதன் கோளின் சுழற்சியில் தெரியும் சிறு தள்ளாட்டத்தை ரேடார் அலைகளால் அளந்து, அதன் இரும்புக் கருவம் ஓரளவேனும் உருகிய நிலையில் இருக்கிறது என்று 2007இல் அறிவித்தார்கள். பச்சை முட்டைப் பரிசோதனைதான். முட்டையின் அளவு மட்டும் பெரிது.

தட்டிப் பார்த்த கதையை மட்டும் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். பூமியை யார் தட்டுவது? பூமியே தட்டிக்கொள்கிறது. அதற்குப் பெயர் நிலநடுக்கம்.

1897 ஜூன் 12. அசாமில் பயங்கரமான நிலநடுக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராயப் போனார். இடிந்த கட்டடங்களையும் பிளந்த நிலத்தையும் அளந்தார். பிறகு இன்னொன்றைக் கவனித்தார். ஐரோப்பாவில் இருந்த கருவிகளும் இந்த அதிர்வைப் பதிவு செய்திருந்தன. அந்தப் பதிவுகளில் அலைகள் ஒன்றாக வரவில்லை. முதலில் வேகமான அலை, அடுத்து சற்று மெதுவான அலை, கடைசியில் மேற்பரப்பிலேயே ஊர்ந்து வரும் அலை. இன்று பள்ளிப் பிள்ளைகள் முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை என்று படிக்கிறார்களே, அவற்றை உண்மையான பதிவில் தனித்தனியாக இனங்கண்டவர் ஓல்டாம். 1906இல் அவர் இன்னும் ஒரு படி போனார். பூமியின் மறுபக்கத்துக்கு வரும் அலைகள் தாமதமாக வருகின்றன. நடுவில் அலையைத் தாமதப்படுத்தும் ஒரு பகுதி இருக்கிறது என்றார். பூமிக்கு ஒரு கருவம் உண்டு என்பதற்கு முதல் சான்று அது. இந்திய மண்ணில் எழுந்த அதிர்வில் பிறந்த சிந்தனை என்பதை நாம் மறக்கக் கூடாது.

இரண்டாம் நிலை அலைக்கு ஒரு குணம் உண்டு. அது திரவத்துக்குள் நுழையாது. கருவத்தின் வெளிப்பகுதி அந்த அலையை விடவில்லை. ஆகவே அது திரவம். உருகிய இரும்பு, கொஞ்சம் நிக்கல், இன்னும் சில இலேசான தனிமங்கள். 1920களின் நடுவில் இது உறுதிப்பட்டது. பூமியின் உள் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. டென்மார்க்கில் ஒரு பெண்மணி இருந்தார். இங்கே லேமன் என்று பெயர். 1929இல் நியூசிலாந்தில் ஒரு பெரிய நிலநடுக்கம். அதன் பதிவுகளை அவர் பார்த்தார். அலைகள் வரவே கூடாத இடத்தில் அலைகள் வந்திருந்தன. மெல்லிய அலைகள்தாம். மற்றவர்கள் பொருட்படுத்தாமல் விட்டவை. அவர் விடவில்லை. கணினி இல்லாத காலம். ஒவ்வொரு பதிவையும் அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வாங்கின காலிப் பெட்டிகளில் அடுக்கி வைத்து, வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து கணக்கிட்டார் என்று அவருடைய உறவினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1936இல் முடிவை வெளியிட்டார். திரவக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருக்கிறது! அந்தக் கட்டுரையின் தலைப்பு ஓர் எழுத்தும் அதன் மேல் ஒரு கோடும், அவ்வளவுதான். அந்த உட்கருவத்தின் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர் என்று இன்று அறிகிறோம். அது கெட்டியான இரும்பு. 104 வயது வரை வாழ்ந்து, 1993இல் மறைந்தார் அந்த அம்மையார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். இரும்பு நம் பட்டறையில் சுமார் 1,538 டிகிரியில் உருகும். பூமியின் மையத்திலோ 5,000 டிகிரிக்கும் மேல் வெப்பம். வெளியே இருக்கும் இரும்பு உருகிக் கிடக்கிறது. அதைவிடச் சூடான நடுவில் இருக்கும் இரும்பு உருகாமல் இருக்கிறது. இது எப்படி?

விடை உங்கள் சமையலறையில் இருக்கிறது. குக்கருக்குள் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். காரணம் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தாலே தண்ணீரின் குணம் இப்படி மாறுகிறது. பூமியின் மையத்தில் இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 36 இலட்சம் மடங்கு. அந்த அழுத்தத்தில் இரும்பின் அணுக்கள் உருகி ஓட இடமில்லாமல் இறுகிப்போகின்றன.

நான் இன்று சொல்ல வந்த ஒரே ஒரு செய்தி இதுதான். பொருளின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. எந்த ஆழத்து இரும்பு? எந்த ஆழத்துத் தண்ணீர்? எந்த ஆழத்துக் கல்? அதைச் சொல்லுங்கள். மனிதரைப்போலவே பொருளும் நெருக்கடியில்தான் தன் வேறு முகத்தைக் காட்டுகிறது.

அந்த நெருக்கடியை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்சி பிரிட்ஜ்மன். அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்குப் பிறகு, 1958இல், அமெரிக்காவில் ஒரு சிறிய கருவி பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும். இரண்டு வைரங்கள், கூர்முனையோடு கூர்முனை பார்த்தபடி. நடுவில் ஒரு துணுக்குப் பொருள். திருகாணியைத் திருகினால் போதும். ஊசி ஏன் துணியில் இறங்குகிறது? முனை சிறியது என்பதால். அதே தத்துவம். வைர முனை மயிரிழை அளவுக்குச் சிறிதாகும்போது, கையால் கொடுக்கும் விசையே இலட்சக்கணக்கான மடங்கு அழுத்தமாகிறது. வைரம் கண்ணாடிபோல் ஒளி விடும் என்பதால் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம், எக்ஸ் கதிரால் ஆராயலாம், லேசர் ஒளியால் சூடாக்கலாம். அந்த முதல் கருவிகளுக்கு வைரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்த வைரங்கள். திருட்டுச் சரக்காக வந்த கல் பூமியின் கதவைத் திறந்து வைத்தது! 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வகைக் கருவியால் பூமி மையத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே எட்டிப்பிடித்தார்கள். துளை போட்டு எட்ட முடியாத இடத்தை, ஒரு மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இந்தப் பூமியில் மிக அதிகமாக இருக்கும் கனிமம் எது? மாணவர்களைக் கேட்டால் குவார்ட்ஸ் என்பார்கள், ஃபெல்ஸ்பார் என்பார்கள். அது மேலோட்டுக் கணக்கு. மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே இருக்கும் பாறைக் கவசத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் நிறைந்து, பூமியின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பது வேறொரு கனிமம். 2014 வரை அதற்கு முறையான பெயர்கூடக் கிடையாது! இயற்கையில் கிடைத்த மாதிரியைக் காட்டினால்தான் கனிமத்துக்குப் பெயர் வைக்கலாம் என்பது விதி. அவ்வளவு ஆழத்திலிருந்து யார் எடுத்து வருவது? கடைசியில் மாதிரி வானத்திலிருந்து வந்தது. 1879இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விழுந்த விண்கல் ஒன்றில், விண்வெளி மோதலின் அதிர்ச்சியில் உருவான நுண்ணிய துகளாக அந்தக் கனிமம் சிக்கியது. பிரிட்ஜ்மன் நினைவாக அதற்குப் பிரிட்ஜ்மனைட் என்று பெயர் வைத்தார்கள்.

அதே 2014இல் இன்னொரு செய்தி. பிரேசிலில் ஜுயினா என்ற இடத்தில் ஆற்றுச் சரளையில் கிடைத்த பழுப்பு நிற வைரம் ஒன்று. நகைக்கு உதவாதது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள். 410 கிலோமீட்டருக்கும் 660 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில் மட்டுமே நிலைத்திருக்கக்கூடிய ரிங்வுடைட் என்ற கனிமம் அது. அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தண்ணீர்! ஓடுகிற தண்ணீர் இல்லை, கல்லின் கட்டமைப்புக்குள்ளேயே கட்டுண்ட தண்ணீர். நம் காலடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக் கல்லும் ஈரம் சுமக்கிறது.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும் என்று நமக்குத் தெரியும். பத்தாயிரம் மடங்கு அழுத்தம் கொடுங்கள், நம் சேலத்து அறை வெப்பத்திலேயே தண்ணீர் கட்டியாகும். அந்தக் கட்டி தண்ணீரில் மூழ்கும். இன்னும் அழுத்துங்கள், இன்னும் சூடாக்குங்கள். பத்து இலட்சம் மடங்குக்கு மேல் அழுத்தம், ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பம். அங்கே ஆக்சிஜன் அணுக்கள் பனிக்கட்டிபோல் வரிசையாக நிற்க, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் மட்டும் அவற்றின் இடையே திரவம்போல் ஓடும் என்று 1980களின் இறுதியில் கணக்கிட்டுச் சொன்னார்கள். பாதி கட்டி, பாதி திரவம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2018, 2019 ஆண்டுகளில், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் பெரும் லேசர்களின் அடியால் அந்த நிலையை நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் உண்டாக்கிப் பார்த்தார்கள். தீயைவிடச் சூடான பனிக்கட்டி!

இது யாருக்கு வேண்டும்? யுரேனசுக்கு வேண்டும், நெப்டியூனுக்கு வேண்டும். 1986இல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனசைக் கடந்தபோது அதன் காந்தப் புலத்தைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். சுழலும் அச்சிலிருந்து கிட்டத்தட்ட 60 டிகிரி சாய்ந்து, மையத்தையும் விட்டு விலகியிருந்தது. 1989இல் நெப்டியூனும் அப்படியே. ஆழத்தில் இந்த விசித்திரப் பனிக்கட்டி இறுகிக் கிடக்க, அதற்கு மேலே உள்ள ஒரு மெல்லிய திரவ அடுக்கில் மட்டும் காந்தப் புலம் பிறக்கிறது என்பது இன்று முன்வைக்கப்படும் ஒரு விளக்கம். வியாழனின் கதையும் இதற்குச் சொந்தம்தான்: அங்கே ஹைட்ரஜன் வாயுவே அழுத்தத்தால் உலோகமாகி மின்சாரம் கடத்துகிறது.

பெரிய கோள்களை விடுங்கள், சின்னஞ்சிறு துணைக்கோள்கள் செய்யும் வேலையைப் பாருங்கள்! சனியைச் சுற்றும் என்செலடஸ், குறுக்களவு வெறும் 500 கிலோமீட்டர். நம் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. இவ்வளவு சிறியது குளிர்ந்து செத்த கட்டியாக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். 2005இல் காசினி விண்கலம் அதன் தென்துருவத்தில் நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் கண்டது. அந்தத் துகள்களில் மிக நுண்ணிய சிலிக்கா மணிகள் இருந்தன. வெந்நீர் பாறையோடு பழகினால்தான் அப்படிப்பட்ட மணிகள் உருவாகும். பனி ஓட்டுக்கு அடியில் கடல், கடலுக்கு அடியில் சூடான பாறை என்று வெளியே தெறித்த தூசியை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள், வளைத்த இடம் சுடும். பெரிய கோளின் ஈர்ப்பு துணைக்கோளை அப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் பிசைகிறது. இதை வியாழனின் அயோவுக்குக் கணக்கிட்டு, அதன் உட்புறம் பெரும்பாலும் உருகியிருக்க வேண்டும் என்று மூன்று அறிவியலாளர்கள் எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2 அன்று வெளியானது. மார்ச் 5 அன்று வாயேஜர் 1 அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த சில நாளில், விண்கலத்தின் வழியைச் சரிபார்க்க எடுத்த படம் ஒன்றில் அயோவின் விளிம்பில் ஒரு குடை விரிந்திருப்பதை லிண்டா மொராபிடோ என்ற பொறியாளர் பார்த்தார். எரிமலை! தாளில் போட்ட கணக்கை ஒரு துணைக்கோள் ஒரே வாரத்தில் மெய்ப்பித்தது. இப்படியொரு வாரம் அறிவியலுக்கு அரிதாகத்தான் வாய்க்கும்.

கடைசியாக நம் நிலவுக்கு வருகிறேன். அங்கிருந்து இந்தச் சேலத்துக்கு வருகிறேன்.

1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. அனார்த்தசைட் என்ற பாறையின் துணுக்குகள். ஜான் வுட் போன்ற அறிவியலாளர்கள் அவற்றைப் பார்த்து ஒரு பெரிய முடிவுக்கு வந்தார்கள். நிலவு பிறந்தபோது அதன் மேற்பகுதி முழுவதும் உருகிய பாறைக்கடல். கனமான கனிமங்கள் அடியில் தங்கின. இலேசான கனிமம், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேலே மிதந்து உறைந்தது. அந்த ஆடைதான் நிலவின் வெண்மை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. அதன் பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கேயும் அதே அனார்த்தசைட் வகைப் பொருள். மிதந்த ஆடை நிலவெங்கும் பரந்தது என்பதற்கு நம் கருவி தந்த சாட்சி அது. அதற்கு முன், சந்திரயான் 2க்காக நிலவு மண் போன்ற ஒன்றைத் தரையில் உருவாக்கி, சக்கரம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. டன் கணக்கில் அனார்த்தசைட் வேண்டும். நம் விண்வெளி ஆய்வாளர்கள் எங்கே போனார்கள்? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும் வந்தார்கள். நம் பக்கத்து ஊர்க் கல் பொடியாகிப் பெங்களூருக்குப் போய், நிலவுக்கு ஒத்திகை பார்த்தது.

இது தற்செயலா? நம் வட்டாரமே பூமியின் உட்புறம் வெளியே வந்த வட்டாரம். நீங்கள் ஏற்காட்டு மலையில் ஏறும்போது பாதையோரம் தெரிகிறதே கருநீலப் பாறை, அது சார்னோக்கைட். பல்லாவரத்துப் பாறையையும், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லையும் ஒப்பிட்டு, 1893இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். மேலோட்டின் அடிப்பகுதியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை அது. மேலே இருந்த அத்தனையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போக, அடிப்பாறை மலையாக நிற்கிறது. கோலாவில் இருபது ஆண்டு துளைத்தும் தொட முடியாத ஆழத்துக் கல்மேல் நீங்கள் ஒரு பேருந்துப் பயணத்தில் ஏறி நிற்கிறீர்கள்! அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிறது. அந்த வெள்ளைக்கல்லைச் சூழ்ந்திருக்கும் பச்சை கலந்த டியூனைட் பாறையில் நிறைந்திருப்பது ஒலிவின். பூமியின் மேல்கவசத்தை ஆளும் கனிமம் அதே ஒலிவின்தான்.

இவ்வளவும் இங்கே இருக்க, நம் பிள்ளைகள் பூமியின் அமைப்பை வெட்டிய முட்டைப் படத்தில் மட்டும் படிக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. சார்னோக்கைட்டை ஜல்லியாக உடைத்து லாரியில் ஏற்றுவதை அவர்கள் தினம் பார்க்கிறார்கள். அது என்ன கல் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் பள்ளியின் ஆய்வக அலமாரியில் மூன்று கற்களை வையுங்கள். ஏற்காட்டிலிருந்து ஒன்று, வெள்ளைக்கல் மலையிலிருந்து ஒன்று, சித்தம்பூண்டியிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சீட்டு: பெயர், எந்த ஊர், எந்த ஆழத்தில் பிறந்தது. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும், எடை உணரட்டும், கேள்வி கேட்கட்டும். மூன்று கல்லுக்கும் சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணம்தான்.